பதினாலு கம்ப்யூட்டரிலும் உங்கள் மகன்

புதுச்சேரி,
சனிக்கிழமை காலை.

கருவடிக்குப்பம் உயர்திரு அன்பழகன் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

ஷஹாபுதீன் அண்ட் சன்ஸ் டைல்ஸ் கம்பெனியின் மேனேஜரும், பூர்ணிமா என்கிற பெண்ணைப் பெற்றவனுமாகிய மண்ணாங்கட்டி, இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் துணைவி மாலாவும் மகளும் ஒருவழியாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மகன் தம்பி ராஜவேலும் வியாழக்கிழமை சாயந்திரம் வரைக்குமாவது சௌக்கியமாக இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்பதை தரகர் பார்வதி அக்கா நேற்று எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்திக்கொள்ளவும். பையன் போட்டோவை நம்பிக் கொடுத்தோம், அதைக் கடையில பேனர் கட்டற மாதிரி கட்டிட்டாங்க, பொண்ணு பார்க்கவே இன்னும் நாங்க வரலை, அதுக்குள்ள ஊருக்கெல்லாம் இவர்தான் மாப்பிள்ளைன்னு காட்டி எங்களை மடக்கப் பாக்கறாங்க, ஞாயித்துக்கிழமை வர்றதா வேணாமான்னு நாங்க யோசிக்கணும். இதுதானே சார்? நியாயம். உங்க இடத்துல நான் இருந்திருந்தா யோசிச்சே இருக்க மாட்டேன், உடனே வேணாம்னு சொல்லியிருப்பேன். ஆனா நீங்க யோசிக்கறேன்னு சொன்னீங்க பாருங்க, அந்தப் பெருந்தன்மைய நம்பித்தான் இந்த லெட்டர். போன்ல பேசலாம்னுதான் எடுத்தேன், மாலா பிடுங்கி வெச்சுட்டா. நீங்க பேசினா நடுவுல சிரிச்சுடுவீங்க, போன தடவ ஒரு சம்பந்தம் உங்க சிரிப்பாலதான் போச்சு, ஒழுங்கா உட்கார்ந்து எழுதுங்கன்னுட்டா. அதனால சிரிக்காம எழுதறேன். நீங்களும் சிரிக்காம படிக்கணும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் வேணும்னு எதுவும் பண்ணலை. வேணும்னு பண்ற அளவுக்கு எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. எனக்கு முன்னாடி பிறந்தது எதுவும் தங்கலைன்னு எனக்கு மண்ணாங்கட்டின்னு பேர் வெச்சாங்க, பேர் வெச்ச நேரம் மூளையும் அதே சரக்குல அமைஞ்சுபோச்சுன்னு எங்க முதலாளி ஷஹாபுதீன் பாய் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல பிரெவே பரீட்சை ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் கோட்டை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் எப்படி ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் இன்சார்ஜ் ஆனான்னு நீங்க கேக்கலாம். கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு டெம்போவுல இருந்து அதை இறக்கறப்ப நான் பக்கத்துல நின்னேன். அவ்வளவுதான் என் தகுதி. அன்னிலேர்ந்து எந்த மெஷின் முனகினாலும் மண்ணு சார்ன்னு என்னைத்தான் கூப்பிடறாங்க.

எங்க கம்பெனிய நீங்க பார்த்ததில்ல, உங்க மச்சினர்தான் நல்லாவே பார்த்துட்டார், அதுக்கு வர்றேன். போர்டுல அண்ட் சன்ஸ்ன்னு இருக்கும், சன்ஸ் யாரும் கிடையாது, பாய்க்கு ஒரே பொண்ணு, ரூமானா. போர்டுல ஒரு நங்கூரமும் இருக்கும், கப்பலும் கிடையாது. பாயோட பாட்டனார் காலத்துல கப்பலுக்குக் கயிறும் இரும்புச் சாமானும் வித்தாங்களாம், இப்ப விக்கறது பாத்ரூம் டைல்ஸ், நங்கூரம் மட்டும் அப்படியே நின்னுபோச்சு. கீழ கடை, மேல ஆபீஸ், பின்னாடி குடோன், எல்லாம் சேர்த்துப் பதினாலு கம்ப்யூட்டர். எல்லாமே என்னை மாதிரி, ரிட்டயர் ஆக வேண்டியது, ஆள் கிடைக்காம ஓடுது. பில்லிங்ல இருக்கற கமலா அம்மா காலையில ஸ்விட்சப் போட்டுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்தா, அப்பதான் அவங்க மெஷின் ஒரு கண்ணைத் தொறக்கும். இதுங்களுக்கெல்லாம் தலைவரா ஒரு சர்வர் இருக்கு, அது பாயோட கேபின்ல இருக்கு, ஏன்னா ஏசி அங்க மட்டும்தான். அந்த ஏசி சர்வருக்காகவா பாய்க்காகவான்னு நாங்க யாரும் கேட்டதில்ல.

ரூமானா சென்னையில எம்.பி.ஏ. முடிச்சுட்டு வந்து போன வாரம்தான் சீட்ல உட்கார்ந்தது. வந்ததும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துச்சு. ஒரு மெஷின்ல முருகர், ஒண்ணுல யாரோ நடிகை, கமலா அம்மா மெஷின்ல பேத்தி மொட்டை போட்ட படம், குடோன் மெஷின்ல சீட்டாட்டம். அவனவன் பென் டிரைவ்ல பாட்டு கொண்டாந்து போட்டுக்கறான். ஆளுக்கு ஒரு ராஜ்ஜியம். ரூமானா என்னைக் கூப்பிட்டு, அங்கிள், இது ஆபீஸா சந்தையா, சர்வர்ல பழைய பாலிசி ஒண்ணு வருஷக்கணக்கா தூங்குது, அதை அப்டேட் பண்ணுங்க, எல்லா மெஷினுக்கும் ஒரே சட்டம், எல்லாத்துலயும் நம்ம நங்கூரம்தான் தெரியணும், யாரும் அதை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பாலிசின்னா என்னன்னா சார், சர்வர்ல உட்கார்ந்து இனிமே இப்படித்தான்னு ஒரு தடவை சொல்லி வெச்சா போதும், பதினாலு மெஷினும் தானா வந்து வாங்கிக்கிட்டுக் கீழ்ப்படியும். ஏன் எதுக்குன்னு கேக்காது, முகத்தைத் திருப்பிக்காது, அம்மா வீட்டுக்குப் போறேன்னு பெட்டியத் தூக்காது. கேட்ட உடனே எனக்கு ஆசையாயிடுச்சு. என் வீட்ல இருக்கறது ரெண்டே பேர், இத்தனை வருஷத்துல நான் போட்ட ஒரு சட்டமும் சமையல்கட்டு வாசலைத் தாண்டினதில்ல. இங்கயாவது ஆண்டு பார்ப்போமேன்னு இறங்கினேன்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் முதல்ல போட்டுக் கொடுத்தவர் துபாய்க்குப் போய் அங்கயே குடும்பமா ஆயிட்டார். அதனால பூர்ணிமாவுக்குப் போன் போட்டேன், அவ வேலை பார்க்கறதே இந்த மாதிரி நெட்வொர்க் சமாச்சாரம்தான். நான் வேணா சாயந்திரம் வந்து பண்ணித் தர்றேம்பான்னா. நான்தான் வேணாம், சொல்லு போதும், அப்பாவே பண்றேன்னு வீராப்பு பேசினேன். அவ போன்ல அதை அமுக்கு, இதைத் தொற, அந்தப் படத்தைக் காட்டுன்னு சொல்லச் சொல்ல, திங்கக்கிழமை சாயந்திரம் பாய் கிளம்பினப்புறம் அவர் நாற்காலியிலயே உட்கார்ந்து எல்லாத்தையும் அமுக்கினேன். ஏசி வேற. மகாராஜா மாதிரி இருந்துச்சு.

இங்கதான் உங்க வீட்டுத் தம்பி வர்றார்.

பார்வதி அக்கா அனுப்பின தம்பியோட போட்டோ என் போன்லதான் இருந்துச்சு. மாலாவுக்கு அது பத்தலை. போன்ல மூஞ்சி தெரியுது, குணம் தெரியலை, பெரிசா பிரிண்ட் போட்டுக் கொண்டாங்கன்னா. ஆபீஸ்ல கலர் பிரிண்டர் சர்வர்ல மட்டும்தான் மாட்டியிருக்கு. அதனால அங்க ஏத்தி வெச்சேன். மகளுக்குத் தெரியாமதான். ஏன்னா அவ இந்த விஷயத்துல ஒரு மாதிரி. போட்டோவுல எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிக்கறாங்க, எனக்கு எதையும் காட்டாதீங்க, ஞாயித்துக்கிழமை நேர்ல பார்த்துக்கறேன், அதுக்கு முன்னாடி போட்டோவ என் கண்ணுல காட்டினீங்கன்னா அன்னிக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன்னு கண்டிப்பா சொல்லியிருந்தா. சொன்னா செய்வா. அந்த விஷயத்துல அவ அவங்கம்மா மாதிரி. அதனால ஒளிச்சு வெக்கணும்னு நான் தேர்ந்தெடுத்த இடம் பாயோட சர்வர், ரூமானா கொடுத்த நங்கூரப் படத்துக்குப் பக்கத்துலயே.

ரெண்டும் சின்னச் சின்னதா நகம் அளவுக்குத் தெரிஞ்சுது. என் மூக்குக் கண்ணாடி வீட்ல டிவி மேல இருந்துச்சு. அந்த நங்கூரம் வெள்ளையில நீலம். தம்பி படத்தை நீங்களே பார்த்திருக்கீங்க, ஸ்டுடியோக்காரர் கொடுத்த நீலக் கோட்டு போட்டுக்கிட்டு, வெள்ளைத் தூண்ல ஒரு கையை ஊனிக்கிட்டு, இன்னொரு கையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறார். தப்பா எடுத்துக்காதீங்க சார், அந்தக் கோட்டு அவருக்கு அம்சமாத்தான் இருக்கு. ஆனா கண்ணாடி இல்லாம தூரத்துல வெச்சுப் பார்த்தா உங்க பையன் அச்சு அசல் நங்கூரம்தான். நான் அவரை அமுக்கினேன். இதையேதான்னு கேட்டுச்சு, ஆமாம்னேன். யாரும் மாத்த முடியாதபடி பூட்டட்டுமான்னு கேட்டுச்சு, நல்லாப் பூட்டுன்னேன். திருப்தியா வீட்டுக்குப் போய் ரசம் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில கம்பெனிக்குள்ள நுழையறேன், கடையில இருந்து குடோன் வரைக்கும் தம்பி இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்கறார். நம்ம ஊரைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இங்க ஒரு முகம் நாலு இடத்துல தெரிஞ்சா ஒண்ணு பிறந்த நாள், ஒண்ணு எலக்‌ஷன், இல்லேன்னா கண்ணீர் அஞ்சலி. குடோன்காரங்க மூணாவதுன்னே முடிவு பண்ணி, மெஷின் பக்கத்துல செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க. டைல்ஸ் எடுக்க வந்த ஒரு மேஸ்திரி, அண்ணன் எந்தத் தொகுதியில நிக்கறார்னு விசாரிச்சார். இன்னொருத்தர் பாய் வீட்டு மாப்பிள்ளையான்னு ரூமானாகிட்டயே கேட்டுட்டார். அது ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போயிடுச்சு. கமலா அம்மாதான் விடலை. மண்ணு சார், எம்பேத்தி மொட்டைய எடுத்துட்டு யாரை வெச்சிருக்கீங்க, எனக்கு இப்ப தெரிஞ்சாகணும்னு நின்னுட்டாங்க. அவங்க வாய அடைக்கணும்னு மெதுவா காதுல சொன்னேன், வாத்தியாருங்க, கருவடிக்குப்பம், நம்ம பூர்ணிமாவுக்குப் பார்க்கறோம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு. அண்ணே, அந்த அம்மா பில்லிங் செக்‌ஷன். வர்ற கஸ்டமர் எல்லாம் அவங்களைத் தாண்டித்தான் போகணும்.

அந்த நேரமே நான் உள்ள போய்ப் படத்தை மாத்தியிருந்தா இந்த லெட்டரே கிடையாது. ஆனா அதுக்குள்ள பாய் கூப்பிட்டார். இங்க எங்க ஆபீஸ் வழக்கம் ஒண்ணைச் சொல்லணும். எங்க சுவத்துக் கடிகாரம் எப்பவும் கால் மணி நேரம் முன்னாடி ஓடும். பாயோட அப்பா காலத்துல, ஆளுங்க நேரத்துக்கு வரணும்னு வெச்ச ஏற்பாடு. கால் மணி நேரம் முன்னாடி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எல்லாரும் கால் மணி நேரம் லேட்டா வருவோம், கணக்கு சரியாயிடும். பாயோட கேபின்ல மட்டும் நிஜ டைம், ஏன்னா அவர் தொழுகைக்குப் போகணும், அதுல விளையாட முடியாது. வெளியில ஆபீஸ் டைம், உள்ள அல்லா டைம்னு நாங்க சொல்வோம், பாயும் சிரிச்சுக்குவார். இப்ப ரூமானா போட்ட புதுச் சட்டத்துல, இனிமே கம்ப்யூட்டர்ல யார் எப்ப உட்கார்ந்தாங்களோ அதுதான் வருகைன்னு ஒண்ணு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஓடறது நிஜ டைம். அதாவது சுவத்துல லேட்டுன்னு இருக்கறது மெஷின்ல கரெக்ட்டுன்னு ஆயிடும், எல்லாருக்கும் சும்மா கால் மணி நேரம் லாபம். இதைக் கண்டுபிடிச்ச குடோன்காரங்க சிரிச்ச சிரிப்பு பாய் காதுல விழுந்துடுச்சு. மண்ணாங்கட்டி, எங்கப்பா வெச்ச டைம உங்க மெஷின் எப்படிய்யா மாத்தலாம், எல்லாத்தையும் சுவத்துக் கடிகாரம் மாதிரி திருப்பி வைன்னார். முதலாளி சொன்னது முதல்ல, மாப்பிள்ளை படம் அப்புறம்னு, ஒவ்வொரு மெஷினா உட்கார்ந்து பதினாலையும் கால் மணி நேரம் முன்னாடி தள்ளினேன். சர்வரை மட்டும் தொடலை. அது பாயோட கேபின்ல இருக்கு, அங்க நிஜ டைம்தான் ஓடணும். நான் எவ்வளவு பொறுப்பா யோசிச்சிருக்கேன் பாருங்க.

அப்புறமா போய் சர்வர்ல தம்பிய எடுத்துட்டு நங்கூரத்தை வெச்சேன். இந்தத் தடவை கமலா அம்மாவோட கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிட்டு, உறுதிப்படுத்திக்கிட்டு வெச்சேன். வெளிய வந்து பார்த்தா தம்பி நிக்கறார். மெஷினை அணைச்சுப் போட்டேன், தம்பி நிக்கறார். சர்வரை அணைச்சுப் போட்டேன், பாய்க்கு ஏதோ மெயில் போகாம நின்னுச்சு, எனக்கு வசவு வந்துச்சு, தம்பி அப்படியே நிக்கறார். ஒவ்வொரு மெஷின்லயும் கையால மாத்தலாம்னு போனா, உங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்லுது. யாருக்கும் இல்லாம பூட்டினவனே நான்தான். எல்லாரையும் ஸ்கிரீன்ல பில்லு ஜன்னலைத் தொறந்தே வெச்சிருங்க, படம் மறைஞ்சுக்கும்னு கெஞ்சினேன். ஆனா கீழ கடையில கஸ்டமரைப் பார்த்து இருக்கற மெஷின்ல ஆள் உட்கார மாட்டாங்க. அது மேல என் துண்டை எடுத்துப் போர்த்தி விட்டேன். வர்றவங்க எல்லாம் மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு துக்கம் விசாரிச்சாங்க.

புதன்கிழமை ரூமானா பொறுக்க முடியாம, என்னைக் கேக்காமலேயே பூர்ணிமாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிடுச்சு. போட்டோவ ஒரு தடவை காட்டினாலே வீட்ல இருக்க மாட்டேன்னவ, பதினாலு தடவை பார்த்தா நாட்டுலயே இருக்க மாட்டா. அவ மாடிப்படி ஏறி வர்றதுக்குள்ள ஓடி ஓடி எல்லா மானிட்டரையும் சுவத்தைப் பார்க்கத் திருப்பி வெச்சேன். அவ உள்ள வந்தா, நின்னு பார்த்தா.

"என்னப்பா, யாருமே ஹோம்வொர்க் பண்ணலையா?" ன்னு கேட்டா.

படத்தைப் பார்க்காம சரி பண்ண முடியுமாம்மான்னு கேட்டேன். நேரா போய் ஒரு மானிட்டரைத் திருப்பினா. தம்பி கோட்டும் தூணுமா அவளைப் பார்த்து நின்னார்.

"யாருப்பா இவர்?"

"டைல்ஸ் கம்பெனி மாடலும்மா."

"டைல்ஸ் எங்க?"

"அந்தத் தூண்ல ஒட்டியிருப்பாங்க."

அப்படியே விட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். அந்தப் பக்கத்துல இருந்து கமலா அம்மா, கருவடிக்குப்பத்து வாத்தியாரும்மா, உங்கப்பா உங்கிட்ட சொல்லலையான்னு கேட்டாங்க. பூர்ணிமா ஓஹோன்னா. அவ்வளவுதான். அண்ணே, எங்க வீட்ல சத்தம் போட்டா பயமில்ல, பழக்கம். ஓஹோன்னா பயம். ரொம்ப நேரம் உட்கார்ந்து என்னத்தையோ தட்டினா, அப்புறம் எழுந்து, பழைய நெட்வொர்க்குப்பா, இது சொன்ன பேச்சை உடனே கேக்காது, நாளைக்கும் வரணும், நாளன்னிக்கும் வரணும்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தா. வீட்டுக்கு வந்ததும் நேரா ரூமுக்குள்ள போயிட்டா. மாலா என்னைப் பார்த்தா, நான் சுவத்தைப் பார்த்தேன், ஆபீஸ் மானிட்டர் மாதிரி.

வியாழக்கிழமை உங்க மச்சினர் வந்தார். அவர் உங்க மச்சினர்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மாடி பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டார், மரியாதையாத்தான் காட்டிக்கிட்டிருந்தோம். என்ன விலைன்னு பார்க்கறதுக்கு, கம்ப்யூட்டர் மேல இருந்த துண்டைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்னார். அக்கா மகன் எந்த உறவும் ஆகாத ஒரு டைல்ஸ் கடையில நீலக் கோட்டுல நின்னா எந்த மாமனுக்கும் அப்படித்தான் இருக்கும். இது யாருன்னு கேட்டார். கமலா அம்மா இருக்காங்களே, எங்க மேனேஜர் வீட்டு மாப்பிள்ளைன்னு பெருமையா சொல்லிட்டாங்க. பேச்சு முடிஞ்சதோ இல்லையோ அவர் டைல்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கிளம்பிட்டார். மிச்சத்தைப் பார்வதி அக்கா வாயால நான் கேட்டாச்சு.

ஒருவழியா நேத்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூர்ணிமா சரி பண்ணிட்டா. வியாதி என்னன்னு அவ சொன்னதை உங்களுக்கும் சொல்றேன், நீங்க நம்பணும். சர்வருக்கும் மெஷினுக்கும் நேரத்துல அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா, ஒண்ணை ஒண்ணு நம்பாதாம். யாரோ ஏமாத்துக்காரன் வந்து பேசறான்னு வாயை மூடிக்குமாம். உள்ள அல்லா டைம், வெளிய ஆபீஸ் டைம், நடுவுல கால் மணி நேரம். நான் உள்ள இருந்து நங்கூரம் நங்கூரம்னு கத்தறேன், வெளிய இருக்கற பதினாலும் இவன் பேச்சைக் கேக்காதேன்னு தம்பியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. மெஷினையெல்லாம் நிஜ டைமுக்குத் திருப்பினா, எல்லாம் வரிசையா வந்து சட்டத்தை வாங்கிக்கிச்சு. இதைக் கேட்ட பாய் ரொம்ப நேரம் தாடியத் தடவிட்டு, எங்கப்பா வெச்ச டைம் மனுஷனுக்குத்தான்யா வெச்சார், மெஷினுக்கு வெக்கலைன்னு தீர்ப்பு சொல்லிட்டார். சுவத்துக் கடிகாரம் பழையபடி முன்னாடி ஓடுது. நாங்களும் பழையபடி லேட்டா வர்றோம்.

அண்ணே, நடந்தது இதுதான், ஒரு எழுத்து கூட்டலை. உங்க பையனை நான் ஊருக்குக் காட்டலை, என் சொந்த மகளுக்கே ஒளிச்சு வெக்கத்தான் பார்த்தேன். மடக்கணும்னு நினைக்கவே இல்ல. மடக்கத் தெரிஞ்சவனா இருந்தா இந்த வயசுல சொந்தத் துண்டைக் கம்ப்யூட்டருக்குப் போர்த்திக்கிட்டு நிப்பேனா? தப்பு முழுக்க என்னோடது, என் மூக்குக் கண்ணாடியோடது. பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. அவ பாட்டுக்கு வேலை செஞ்சா, போனா. நாளைக்கு நீங்க வருவீங்களான்னு எனக்குத் தெரியாது. நீங்க வந்தாலும் அவ வீட்ல இருப்பாளான்னும் தெரியாது. ரெண்டு பக்கமும் கெடுத்து வெச்சிருக்கேன். பெத்தவன் மனசு எப்படி இருக்கும்னு இன்னொரு பெத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்ல. உங்க பையன் நல்ல பையன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுதான் அந்தப் படத்தையே நாங்க பெரிசா பிரிண்ட் போட நினைச்சோம். இதுக்காக அந்தப் பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் ஒரு தடவை நேர்ல பார்க்காமலேயே போயிடக் கூடாது. இதை மட்டும் மனசுல வெச்சு யோசிங்க.

தங்கள் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் வணக்கம். தங்கள் மச்சினருக்கும் என் பணிவான வணக்கத்தைச் சொல்லவும், அவர் பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் இன்னும் எடுத்துத்தான் வைத்திருக்கிறோம். தம்பி ராஜவேலுக்கு ஆசீர்வாதம், அவர் எங்கு நின்றாலும் நேரில் நிற்கும் நிற்பு நன்றாக அமையட்டும். மணக்குள விநாயகர் உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒரே கண்ணால், கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மண்ணாங்கட்டி

பி.கு.: லெட்டரை ஒட்டப் போனேன், பூர்ணிமா வந்து பிடுங்கி முழுக்கப் படிச்சுட்டா. ஒட்ட விடலை. நடுவுல ரெண்டு இடத்துல சிரிச்சா. அப்புறம் இதுல ஒரு பொய் இருக்குப்பான்னா. எனக்குத் திக்குன்னுச்சு, தேடிப் பார்த்தேன், நான் எழுதினதுல பொய் எதுவும் இல்ல. அவ சொன்னதுலதான் இருந்துச்சாம். நேரம் தப்பா ஓடுதுன்னு அவளுக்குப் புதன்கிழமை உட்கார்ந்த உடனேயே தெரிஞ்சுபோச்சாம், மெஷின் மூலையில பார்த்தாளாம், கைக்கடிகாரத்தைப் பார்த்தாளாம், அவ்வளவுதானாம். அப்ப ஏன்டி வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்தேன்னு மாலா கேட்டா.

"போட்டோவுல எல்லாரும் ஒரே மாதிரிதான்னு சொன்னேன்ல. மூணு நாள் பார்த்தா அலுக்குதான்னு பார்த்தேன்."

அலுத்துச்சாம்மான்னு நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன்" ன்னுட்டு உள்ள போயிட்டா.

ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பில் வியாழக்கிழமைக்கான பாகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்னிக்கு உங்க மச்சினர் துண்டைத் தூக்கினப்ப அங்க நின்ன தம்பி என் தப்பால நிக்கலை, என் பொண்ணு இஷ்டத்தால நின்னார். பொண்ணு மேல தப்பே இல்லைன்னு எழுதினதையும் அடிச்சுடுங்க. திரும்ப எழுதலாம்னா கை வலிக்குது. வாங்க. நாலரைக்கு ராகு காலம், அதனால நாலு மணிக்கே வந்துடுங்க. எங்க வீட்டுக் கடிகாரமும் ஆபீஸ் மாதிரிதான், நாலே காலுன்னு காட்டும், லேட்டாயிடுச்சேன்னு பதறாதீங்க, அது எங்க வழக்கம். அந்த நீலக் கோட்டு மட்டும் வேணாமாம், எப்பவும் ஸ்கூலுக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டையில வந்தா போதுமாம்.

இன்னொண்ணு. நங்கூரத்தை எல்லா மெஷினுக்கும் அனுப்பின பூர்ணிமா, என் மெஷினை மட்டும் விட்டுட்டா. கண்ணாடி போடாம வேலை செஞ்சதுக்குத் தண்டனையாம். எனக்குன்னே தனியா ஒரு பாலிசி எழுதி, தம்பி படத்தையே பூட்டி, சாவிய அவளே வெச்சுக்கிட்டா. அதனால சம்பந்தி, நாளைக்கு நீங்க வந்தாலும் வராட்டியும், திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல நான் மாப்பிள்ளை முகத்துலதான் முழிக்கணும். வந்துட்டுப் போயிட்டீங்கன்னா, எனக்கு அது கொஞ்சம் கௌரவமா இருக்கும்.